செக் மொழியில் ஒரு வினைச்சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் வள்ளுவரைப் பற்றியோ, இளங்கோவடிகளைப் பற்றியோ, கம்பரைப் பற்றியோ பேசுதல் வழக்கம். அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் பேசும் ஒரு மொழியைப் பற்றி, அதிலும் அம்மொழியின் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி, இன்று பேசத் துணிந்தோம். அம்மொழி செக் மொழி. ‘செக்’ என்றதும் வங்கிக்குக் கொண்டு செல்லும் காசோலையையோ, நம் ஊர்களில் எண்ணெய் ஆட்டும் செக்கையோ எவரும் நினைத்துவிட வேண்டா. பிராக் நகரைத் தலைநகராகக் கொண்ட நாட்டு மக்களின் தாய்மொழி அது.

“தமிழ் விழாவில் செக் மொழிக்கு என்ன வேலை?” என்று நீங்கள் கேட்பது எம் காதில் விழுகின்றது. கேள்வி முறையானதே. அதற்கு விடை இரண்டு உண்டு.

முதலாவது விடை ஒரு மனிதர். 1927ஆம் ஆண்டு பிராக் நகரில் பிறந்த கமில் சுவெலபில் என்னும் அறிஞர் தமிழைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்றார். 1964ஆம் ஆண்டு புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியபோது, தனிநாயக அடிகளாருடன் நின்ற அறிஞர்களுள் அவரும் ஒருவர். ‘முருகனின் புன்னகை’ என்று பொருள்படும் தலைப்பில், தமிழ் இலக்கியத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1973இல் வெளிவந்தது. 2009ஆம் ஆண்டு அவர் மறைந்தார். இரண்டாவது விடை தொழில். திருச்சியை அடுத்துள்ள கொதிகலன் ஆலை 1965ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் கூட்டுறவோடுதான். ராஞ்சியில் 1958ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கனரகப் பொறியியல் கழகத்தின் வார்ப்பட ஆலைக்கும் அந்நாடு துணை நின்றது. அவ்வாலைகள் இன்றும் நம் நாட்டில் உள. செக்கோஸ்லோவாக்கியா என்னும் நாடுதான் 1993ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் செக், ஸ்லோவாக் என இரண்டாகப் பிரிந்தது.

செக் மொழியாளர் ஒருவர் நம் மொழி முழுவதையும் வாரி எடுத்துக்கொண்டார். நாம் அவர் மொழியிலிருந்து ஒரு சொல்லையேனும் எடுத்துக்கொள்வது தக்க கைம்மாறாகும். அச்சொல்லை ஆராய்ந்தால் நம் வீட்டுக்குரிய செய்தி ஒன்றும் அதில் கிடைக்கின்றது. அதனை இறுதியிற் கூறுவோம்.

பொருள்

அச்சொல் ‘மீத்’ என்பது. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்னும் வினைக்கு உரிய பொருளே இதற்கும் தலைப்பொருள். அதாவது, ஒன்றை உடைத்தாயிருத்தல். செக் மக்கள் நாள்தோறும் மிகுதியாக வழங்கும் வினைகளுள் இஃது ஒன்று.

இங்கேயே ஒரு வியப்பு நமக்குக் காத்திருக்கின்றது. ‘ஹேவ்’ என்பதற்கு நேராக நாம் அன்றாடப் பேச்சில் எச்சொல்லை வழங்குகின்றோம்? ‘எனக்கு ஒரு வீடு உண்டு’ என்கின்றோம். ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்கின்றோம். இத்தொடர்களில் எழுவாய் யாது? வீடும் பணமுமே எழுவாய். வீட்டையும் பணத்தையும் உடைய மனிதன் ‘எனக்கு’ என நான்காம் வேற்றுமையிலோ, ‘என்னிடம்’ என ஏழாம் வேற்றுமையிலோ ஒதுங்கி நிற்கின்றான். இந்தியும் இத்தகையதே. நம் சிறுவர்கள் தெருவில் விளையாடும்போது ‘மேரே பாஸ் ஹை’ என்கின்றனர். வீட்டுக்குள் வந்ததும் ‘என்னிடம் இருக்கிறது’ என்கின்றனர். மொழி மாறினும் அச்சு மாறவில்லை. செக் மொழிக்கு உறவான ரஷ்ய மொழியிலும் அன்றாட வழக்கு ‘உ மென்யா யெஸ்த்’, அதாவது ‘என்னிடத்தில் உளது’ என்பதே.

செக் மொழியோ வேறு வழியிற் செல்கின்றது. ‘மாம் தூம்’ என்றால் ‘வீட்டை உடையேன்’ என்பது பொருள். இங்கே மனிதனே எழுவாய், வீடு செயப்படுபொருள். ‘க்ஞிஹ’ என்பது புத்தகம். ‘மாம் க்ஞிஹு’ என்பது ‘புத்தகத்தை உடையேன்’ என்பது. ஈற்றில் அகரம் உகரமாகத் திரிந்தது, நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்கின்றது.

இவ்விடத்தில் புலவர் பெருமக்கள் எழுந்து, “தமிழில் ‘உடையேன்’ என்னும் சொல் இல்லையா?” என்று வினவக்கூடும். உண்டு. உடையேன், உடையை, உடையன், உடையள், உடையோம் என்று அது திரிந்தும் வரும். ஆயினும் அது காலம் காட்டாத குறிப்பு வினைமுற்று. இன்று செய்யுளிலும் மேடையிலும் வாழ்கின்றதேயன்றி அடுப்பங்கரையில் வழங்கவில்லை. ‘மீத்’ என்பதோ காலம் மூன்றும் காட்டி, அடுப்பங்கரை முதல் அரசவை வரை வழங்கும் தெரிநிலை வினை.

இதன் பொருள் உடைமையோடு நிற்பதில்லை. ‘மாம் ஹ்லத்’ என்றால், ‘பசியை உடையேன்’. நாம் ‘எனக்குப் பசிக்கிறது’ என்போம். பசி நமக்கு வந்து நேரும் ஒன்று. செக் மொழியாளரோ அதனையும் கையிலுள்ள பொருள்போலக் கூறுவர். அச்சமும் காய்ச்சலும் அவர்க்கு அவ்வாறே. ‘மாம் ராத்’ என்றால் ‘மகிழ்ந்து உடையேன்’ என்பது சொற்பொருள். ‘எனக்குப் பிடிக்கும்’, ‘அன்பு கொண்டுள்ளேன்’ என்பது வழக்குப்பொருள். இதனை ஆடவர் ‘மாம் ராத்’ என்றும், பெண்டிர் ‘மாம் ராத’ என்றும் கூறுவர். தாய் குழந்தையிடம் கூறுவதும் இச்சொல்லே. அன்புகொள்ளுதலை ‘மகிழ்வோடு வைத்திருத்தல்’ என்று கண்ட மக்களை நாமும் மகிழ்வோடு பாராட்டலாம்.

இன்னும் ஒன்று. ‘மாம் யீத்’ என்றால் ‘யான் போகவேண்டியவன்’ என்பது பொருள். ‘யீத்’ என்பது போதல். கடமையும் இவ்வினையால் சுட்டப்பெறுகின்றது. ‘மாம் உவர்ஷெனோ’ என்று ஓர் இல்லத்தரசி கூறினால், ‘சமைத்து வைத்திருக்கிறேன்’ என்று நம் தாய்மார் கூறுவதற்கு அஃது ஒப்பாகும். சமைத்தல் முடிந்தது, அதன் பயன் அடுப்பின்மேல் ஆயத்தமாக உளது என்னும் இருகருத்தும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டியதனைத் தமிழ்த்தாயும் செக் தாயும் ஓரிரு சொல்லில் முடித்துவிடுகின்றனர்.

வினைவிகற்பம்

இனி அவ்வினை இடத்தாலும் எண்ணாலும் காலத்தாலும் எவ்வாறு திரிகின்றது என்று காண்போம். நிகழ்காலத்தில் ஆறு வடிவங்கள் உள.

தன்மை ஒருமை: மாம் — உடையேன்.
முன்னிலை ஒருமை: மாஷ் — உடையாய்.
படர்க்கை ஒருமை: மா — உடையான், உடையாள், உடைத்து.
தன்மைப் பன்மை: மாமெ — உடையோம்.
முன்னிலைப் பன்மை: மாத்தெ — உடையீர்.
படர்க்கைப் பன்மை: மாயீ — உடையார், உடைய.

மாணவச் செல்வங்கள் இவ்வாறனையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், நாவுக்கு இனியவை. ‘மாம்’ என்ற அளவிலேயே பேசுவோன் தன்னைக் குறிப்பிட்டுவிடுகின்றான். ‘யான்’ என்னும் பொருள்படும் ‘யா’ என்ற சொல் அம்மொழியில் இருப்பினும், அழுத்தம் வேண்டாதபோது அதனைக் கூறுவதில்லை. ‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ என்பது பெறப்படும் நம் மொழியின் இயல்பே அங்கும் உளது. இந்தியிலோ ‘ஹை’ என்றால் அவன், அவள், அது, நீ என்னும் பலர்க்கும் பொருந்தும். வினையின் ஈற்றிலேயே ஆளைக் காட்டும் இவ்வகை மொழிகளில் விகுதி தேய்ந்தால் பொருளே தேய்ந்துவிடும். இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் மீள்வோம்.

‘மாஷ்’ என்பது நீ. ‘மாத்தெ’ என்பது நீங்கள். ஒருவரே ஆயினும் பெரியோரையும் அறிமுகமில்லாதாரையும் ‘மாத்தெ’ என்றே பன்மையால் விளித்தல் செக் மக்களின் மரபு. ‘யக் ஸெ மாஷ்?’ என்று நண்பனைக் கேட்பர். ‘யக் ஸெ மாத்தெ?’ என்று பெரியவரைக் கேட்பர். ‘உன்னை நீ எவ்வாறு கொண்டுள்ளாய்?’ என்பது சொற்பொருள், ‘நலமா?’ என்பது கருத்து. மரியாதைப் பன்மை தமிழர்க்கே உரியது என்று எண்ணியிருந்தோர் சிறிது அடக்கம் கொள்ளலாம்.

எதிர்மறைக்கு ‘நெ’ என்னும் முன்னொட்டு ஒன்றே போதும். நெமாம், நெமாஷ், நெமா, நெமாமெ, நெமாத்தெ, நெமாயீ. கற்போர்க்கு இத்துணை எளிமை வேறெங்குக் கிடைக்கும்?

இறந்தகாலத்தில் சொல்லின் உடல் மாறுகின்றது. அவன் உடையனாயிருந்தான் என்பதற்கு ‘ம்ஞெல்’. அவள் என்றால் ‘ம்ஞெல’. அது என்றால் ‘ம்ஞெலொ’. இவற்றின் நடுவே நிற்பது நம் ஞகர ஒலியே. ஞாயிறு, ஞாலம் என்னும் சொற்களை ஒழுங்காக உச்சரிக்கப் பயின்ற நம் சிறுவர்க்கு இது தடையன்று. தன்மையில் ஆடவன் ‘ம்ஞெல் ஸெம்’ என்பான். பெண் ‘ம்ஞெல ஸெம்’ என்பாள். ‘ஸெம்’ என்பது ‘இருக்கிறேன்’ என்னும் துணைவினை. வடமொழியின் ‘அஸ்மி’ என்பதற்கு உறவானது. தன்மையிலும் ஆண்பால் பெண்பால் காட்டுதல் தமிழுக்குப் புதிது; ஆனால் இந்நகரியத்தில் வாழும் நமக்குப் புதிதன்று. ‘மைம் கயா’ என்று சிறுவனும் ‘மைம் கயீ’ என்று சிறுமியும் கூறுவதை நாள்தோறும் கேட்கின்றோம். காரணமும் ஒன்றே. இரு மொழிகளிலும் இறந்தகால வினை, பண்டு பெயரைத் தழுவிப் பால் காட்டிய எச்ச வடிவத்திலிருந்து பிறந்தது.

எதிர்காலத்துக்கு ‘இருத்தல்’ வினையின் எதிர்கால வடிவம் துணையாகின்றது: ‘புது மீத்’, உடையேனாவேன். இதில் முதலெழுத்தை இந்தியின் ‘பாத்’, ‘பஸ்’ என்னும் சொற்களிற்போல் வல்லொலி குறைத்து ஒலித்தல் வேண்டும். செக் வினைகள் பெரும்பாலும் இரட்டையராக வரும். ஒன்று செயல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும், மற்றொன்று செயல் முற்றியதைக் காட்டும். ‘மீத்’ என்பதற்கு அத்தகைய இணை இல்லை. உடைமை என்பது முடிந்துவிடும் செயலன்று, நீடிக்கும் நிலை என்று அம்மொழி கருதிற்றுப் போலும்.

ஏவலில் ‘ம்ஞெய்’ என்பது ஒருமை. ‘ம்ஞெய்தெ’ என்பது பன்மை. இவ்வேவலை உரையின் முடிவில் பயன்படுத்துவோம்.

பிறப்பு

‘மாம்’ ஒருபுறம், ‘ம்ஞெல்’ ஒருபுறம், ‘மீத்’ ஒருபுறம் என இச்சொல் நிற்பதன் காரணம் அதன் பிறப்பில் உளது. சில தலைமுறைகளுக்கு முன் எழுத்து வழக்கில் இது ‘மீத்தி’ என்று நின்றது. அதனினும் பழைய செக் மொழியில் இதன் முதலில் ஒரு யகரம் இருந்தது. ‘மாம்’ என்பது ‘ய்மாம்’ என்று வழங்கிற்று. காலப்போக்கில் அந்த யகரம் உதிர்ந்தது. மொழிமுதல் யகரம் உதிர்தல் தமிழர்க்குப் பழகிய கதை. யாண்டு ஆண்டாயிற்று, யாமை ஆமையாயிற்று, யாடு ஆடாயிற்று, யானையும் பேச்சில் ஆனையாயிற்று. கடல் கடந்தும் மலை கடந்தும் மனிதன் நா ஒன்றே போலும்.

உதிர்ந்த யகரம் ஒரு சொல்லில் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டுள்ளது. ‘ய்ம்ஞெஞீ’ என்பது அச்சொல். சொத்து, உடைமை என்பது அதன் பொருள். மூதாதையர் வீட்டின் பழந்தூண் ஒன்று புது வீட்டில் நிற்பதுபோல் அவ்வெழுத்து அங்கே நிற்கின்றது.

இன்னும் பின்னே செல்வோம். ஸ்லாவிய மொழிகள் பிரியாது ஒன்றாயிருந்த காலத்தில் ஒரே வேரிலிருந்து இரண்டு வினைகள் கிளைத்தன. ஒன்று செயலைக் குறித்தது: எடுத்தல், பற்றுதல். மற்றொன்று அச்செயலால் விளைந்த நிலையைக் குறித்தது: எடுத்ததைக் கையில் வைத்திருத்தல். இந்த இரண்டாவதே ‘மீத்’. ஆகவே ‘உடையேன்’ என்னும் சொல்லின் அடியில் ‘எடுத்தேன், விடாது பற்றியிருக்கிறேன்’ என்னும் பொருள் மறைந்து கிடக்கின்றது. லித்துவேனிய மொழியில் ‘எடுத்தல்’ என்பதற்கு ‘இம்த்தி’ என்பர். அது இவ்வேரின் உறவு. இலத்தீனில் ‘எமெரெ’ என்னும் வினை முதலில் எடுத்தலையும், பின்னர் விலைக்கு வாங்குதலையும் குறித்தது; அதுவும் இவ்வேரே. நாம் ஆயுள் காப்பீட்டுக்குக் கட்டும் ‘பிரீமியம்’ என்னும் சொல்லும் அந்த இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததே. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும்போது, செக் மொழிக்கு உறவான ஒரு சொல்லை நாம் அறியாமலே உச்சரிக்கின்றோம்.

இவ்வரலாற்றைப் படித்தபோது எம் மனம் ‘கொள்’ என்னும் தமிழ் வினையிடம் ஓடிற்று. கொள் என்பது முதலில் எடுத்தல். பின் விலைக்கு வாங்குதல். கொள்முதல் என்னும் வணிகச் சொல்லிலும், கொள்வினை கொடுப்பினை என்னும் உறவு வழக்கிலும் அப்பொருளைக் காணலாம். ‘கொண்டிருக்கிறான்’ என்றால் எடுத்தான், எடுத்த நிலையில் இருக்கிறான், ஆகவே உடையவன். ‘பெற்றிருக்கிறான்’, ‘வைத்திருக்கிறான்’ என்பனவும் அத்தகையனவே. “அவர் வண்டி வைத்திருக்கிறார்” என்று நாம் கூறும்போது, வைத்தல் என்னும் செயலும் இருத்தல் என்னும் நிலையும் சேர்ந்து உடைமையாகின்றன. ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ என்பதும், பற்றுதலைக் குறிக்கும் இலத்தீனின் ‘கபெரெ’ என்பதும் ஒரே வேரின. தமிழ்க் ‘கொள்’ செக் ‘மீத்’துக்கு உறவென்று யாம் கூறவில்லை, மொழிக் குடும்பங்கள் வேறு. ஆனால் ஒரே எண்ணம் இரு குடும்பங்களிலும் தனித்தனியே பிறந்துள்ளது என்பதே வியக்கத்தக்கது.

இவ்வொற்றுமை கிளைச்சொற்களிலும் தொடர்கின்றது. செக் மொழியில் அவ்வெடுத்தல் வேரிலிருந்து ‘பொயெம்’ என்னும் சொல் பிறந்தது. மனம் பற்றிய கருத்து என்பது பொருள். தமிழில் கொள் என்பதிலிருந்து கொள்கை பிறந்தது. ‘ஒப்யெம்’ என்பது ஒரு கலத்துள் அடங்கும் அளவு. நாம் கொள்ளளவு என்கின்றோம். வீட்டு வாடகைக்கு ‘நாயெம்’, வருவாய்க்குப் ‘பர்ஷியெம்’, ஒன்றில் ஈடுபாடு கொள்ளுதற்கு ‘ஸாயெம்’. வாடகை, வருவாய், ஈடுபாடு என்னும் மூன்றும் ஒரு வேரின் பிள்ளைகள். குடியிருப்பில் வாழும் குடும்பத்தார்க்கு இம்மூன்றையும் விளக்க வேண்டுவதில்லை.

எடுத்துக்கொண்ட மொழி

இனி, இச்சொல்லை வழங்கிய மக்கள் தம் மொழியை எவ்வாறு உடையராயினர் என்பதையும் சுருங்கக் கூறுதல் வேண்டும்.

1620ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், பிராக் நகருக்கு அருகே வெண்மலை என்னும் இடத்தில் நடந்த போரில் பொஹீமிய நாட்டார் தோற்றனர். 1627ஆம் ஆண்டு பேரரசர் வகுத்த புதிய சட்டம் ஜெர்மன் மொழியைச் செக் மொழிக்கு நிகராக ஆட்சியில் அமர்த்திற்று. நிகர் என்று தொடங்கியது நாளடைவில் மேல் ஆயிற்று. அலுவலகம், உயர்கல்வி, உயர்குடியினர் பேச்சு ஆகியவை ஜெர்மன் மொழியின் கைக்குச் சென்றன. செக் மொழி சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும், உழவரும் கைத்தொழிலாளரும் வாழ்ந்த வீடுகளில் தங்கிற்று. அம்மொழியை எவரும் அவர் நாவினின்று பிடுங்கவில்லை. முன்னேற விரும்பிய பிள்ளைகளுக்கு அது வேண்டப்படாததாயிற்று, அவ்வளவே.

1753ஆம் ஆண்டு யோசெப் தொப்ரொவ்ஸ்கி என்னும் குழந்தை பிறந்தது. தந்தை பொஹீமியாவைச் சேர்ந்த படைவீரர். பணியின் பொருட்டு ஹங்கேரியில் இருந்தார். குழந்தை பிறந்ததும் அங்கேயே. அவன் முதலிற் கற்றது ஜெர்மன் பள்ளியில். செக் மொழியை அவன் கற்றது, பின்னர் உயர்நிலைப் பள்ளியில் மாணவனாக இருந்தபோதுதான். பணியின் பொருட்டு அயலில் வாழ்ந்த ஒருவரின் மகன், அயல்மொழிப் பள்ளியில் பயின்றவன், வளர்ந்த பின் முயன்று செக் மொழியை எடுத்துக்கொண்டவன். அவனே செக் மொழியின் அமைப்பை முறையாக ஆராய்ந்து, 1809ஆம் ஆண்டு அதற்குப் பேரிலக்கணம் வகுத்தான். அந்நூலையும் அவர் ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். செக் மீண்டும் உயர்ந்த இலக்கிய மொழியாகும் என்னும் நம்பிக்கை அவர்க்கு மிகுதியாக இருந்ததில்லை. ஆயினும் வினைகளின் திரிபுகளை ஒழுங்குபடுத்தி வைத்தார்.

அவர்க்குப் பின் வந்த யோசெப் யுங்மன் என்பார் 1830களில் ஐந்து தொகுதிகளாகச் செக்–ஜெர்மன் அகராதி ஒன்றை வெளியிட்டார். 1882ஆம் ஆண்டு பிராக் பல்கலைக்கழகம் செக், ஜெர்மன் என இரண்டாக வகுக்கப்பெற்றது. செக் மொழிக்கு உயர்கல்வியில் தனி இடம் கிடைத்தது. 1918ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியக் குடியரசு தோன்றிற்று. அக்குடியரசின் தலைநகரில் பிறந்து, செக் மொழியைப் பேசி வளர்ந்தவரே, நாம் முதலிற் கூறிய சுவெலபில். தம் மொழியை ஒருமுறை இழக்கும் நிலைக்குச் சென்று மீட்டெடுத்த மக்களினின்று வந்தவர் தமிழின் பழமையை நாடி வந்ததை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கின்றது.

நம் வீட்டுச் செய்தி

அன்பர்களே, இறுதியிற் கூறுவதாகச் சொன்ன செய்தி இதுவே.

“உங்கள் தாய்மொழி எது?” என்று எவரேனும் கேட்டால், நம் பிள்ளைகள் தயங்காது ‘தமிழ்’ என்கின்றனர். படிவங்களிலும் அவ்வாறே எழுதுகின்றோம். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தால் மட்டும், பேரன் ‘ம்’ என்றும் ‘சரி’ என்றும் இரண்டு சொல்லோடு கருவியைத் தாயிடம் நீட்டிவிடுகின்றான். பாட்டி கேட்பவை யாவும் அவனுக்கு விளங்குகின்றன. விடை சொல்ல வினை வருவதில்லை. வந்தாலும் ‘நான் பசிக்கிறேன்’ என்கின்றான். ‘மாமா வந்தது’ என்கின்றான். விகுதி தேய்ந்தால் பொருளே தேய்ந்துவிடும் என்று முன்னர்க் கூறினோமே, அஃது இதுதான். இது பிறர் வீட்டுக் குறையென்று யாம் கூறவில்லை. எம் வீட்டிலும் நாள்தோறும் கேட்பதே.

‘எனக்குத் தமிழ் உண்டு’ என்று நம் தமிழ்த்தொடர் நமக்குச் சொல்லித் தருகின்றது. இத்தொடரில் தமிழே எழுவாய்; நாம் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கின்றோம். தமிழ் தானாகவே உளது, நாம் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை என்னும் மயக்கத்துக்கு அது இடம் தருகின்றது. ஊரில் வாழ்வோர்க்கு அது பொருந்தலாம். அங்கே காற்றிலும் கடைத்தெருவிலும் தமிழ் இருக்கின்றது. நாம் வாழும் இடத்திலோ காற்று வேறு, கடைத்தெரு வேறு. இங்கே நமக்கு வேண்டிய வினை ‘மீத்’ என்பதன் அடியில் கிடக்கும் பழைய வினையே: எடு, பற்று, கொள். எடுத்துக்கொண்டவர்க்கே உடைமை. தந்தை எடுத்தது மகனுக்கு ஆகாது. மகனும் தன் கையால் எடுத்தல் வேண்டும். தொப்ரொவ்ஸ்கி என்னும் படைவீரர் மகன் எடுத்தான். எடுக்கும் வயது கடந்துவிட்டது என்று எந்தப் பெற்றோரும் மனம் தளர வேண்டா.

பெரிய திட்டம் எதனையும் யாம் முன்வைக்கவில்லை. செக் வினையின் ஆறு வடிவங்களைச் சற்று முன் நீங்கள் கேட்டீர்கள். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. அவ்வாறே நாள்தோறும் இரவுணவின்போது ஒரு தமிழ் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டேன், கொண்டாய், கொண்டான், கொண்டாள், கொண்டது, கொண்டோம், கொண்டீர்கள், கொண்டார்கள். பிள்ளைகள் கூறட்டும், தவறினால் நகையாதீர்கள், நகைக்கு அஞ்சிய நா பிறகு திறவாது. ஓராண்டில் முந்நூற்று அறுபத்தைந்து வினைகள் அவர்கள் வசமாகும். அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் அவர்கள் பேசுவார்கள். நாம் கீழே அமர்ந்து கேட்போம். அன்றிரவு பாட்டிக்கும் தொலைபேசியில் முழு விடை கிடைக்கும்.

செக் மக்கள் பிரியும்போது ‘ம்ஞெய்தெ ஸெ’ என்று கூறுவர். ‘மீத்’ வினையின் ஏவற்பன்மை அது. ‘உங்களை நீங்களே நன்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்பது அதன் சொற்பொருள். அவ்வேவலையே உங்கள்முன் வைத்து விடைபெறுகின்றோம். உங்களையும், உங்கள் மக்களையும், உங்கள் மொழியையும் நன்கு வைத்துக்கொள்ளுங்கள்.